ஃபேனை நிறுத்துங்க, மாப்ளே!

ஏழு மாதம் உட்கார்ந்து கட்டிய படகு தண்ணீரில் இருந்தது மொத்தம் ஒன்பது விநாடி. அதிலும் கடைசி இரண்டு விநாடி தண்ணீரில் இல்லை, ஆகாயத்தில்!

நான் சொல்வது ரேடியோ கன்ட்ரோல் பந்தயப் படகு. எழுபது சென்டிமீட்டர் நீளம். பேட்டரியோடு சேர்த்து இரண்டு கிலோ. கரையில் நின்றுகொண்டு கையிலிருந்த ரிமோட்டின் விசையை அழுத்தினேன். 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். பின்னால் சேவல் வால் மாதிரி தண்ணீர் எழும்பியது. "ஆகா!" என்று வாயைத் திறந்தேன். மூடுவதற்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பின்பக்கமாக ஒரு கரணம் அடித்து, மல்லாந்து விழுந்து மிதந்தது.

ஏரிக்கரையில் வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார். "ஏரோப்ளேனா சார்?"

"இல்லீங்க, படகு."

"அப்படியா?" என்று நகர்ந்துவிட்டார். அந்த 'அப்படியா'வில் இருந்த இரக்கம் இருக்கிறதே... ஆபீஸில் பதினான்கு வருஷமாக மெமோ வாங்கியிருக்கிறேன், எதுவும் அப்படிக் குத்தியதில்லை.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது 2018 நவம்பரில். ஆபீஸ் வேலையாக விஜயவாடா போயிருந்தேன். பிரகாசம் அணைக்கு மேலே, கிருஷ்ணா நதியில் ஃபார்முலா ஒன் படகுப் போட்டி. கார்தான் ஃபார்முலா ஒன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். லெட்ஜரை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகக் கரையில் நின்றேன். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற படகுகள். பிரேக் கிடையாது, கியர் கிடையாது. வளைவில் அவை திரும்பியதைப் பார்த்தபோது, தண்ணீருக்கும் படகுக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை. பின்பக்கம் ஒரு கை அகலம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் காற்றில்.

அதுதான் அந்தப் படகின் சூட்சுமமே. 'டனல் ஹல்' என்பார்கள். இரண்டு வாழைமட்டைகளை இணையாக வைத்து, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான். மட்டைகளுக்கு நடுவில் இருக்கிற சந்துதான் டனல். படகு வேகமெடுத்ததும் முன்னாலிருந்து காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து திணறி, படகை மேலே தூக்குகிறது. தூக்கினால் அடிப்பாகம் தண்ணீரில் உரசுவது குறையும். உரசல் குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் இன்னும் தூக்கும்...

எங்கே போய் முடியும் என்று புரிகிறதல்லவா? சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை லேசாகச் சாய்த்து விளையாடியிருப்பீர்கள். (கண்டக்டர் திட்டியிருப்பார். நியாயம்தான், நீட்டாதீர்கள்.) விரல்நுனி கொஞ்சம் மேலே போனதும் கை முழுக்க 'விசுக்'கென்று மேலே பறக்கும். டனல் படகும் அதேதான். மூக்கு அளவோடு தூக்கியிருக்கும் வரைக்கும் சிங்காரம். ஒரு இம்மி கூடினால் கரணம்.

1960-களில் இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில் ஆஞ்சலோ மொலினாரி என்பவர் இந்த மாதிரிப் படகுகளைக் கட்டிப் பேர் வாங்கினார். அவர் மகன் ரெனாட்டோ 1981-இல் ஃபார்முலா ஒன் படகுப் போட்டியில் உலக சாம்பியன். அப்பா கட்டுவார், பிள்ளை ஓட்டுவார். எனக்கு அப்படி வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தது மாமனார். அவரிடம் பிறகு வருகிறேன்.

2023 பிப்ரவரியில் ஆரம்பித்தேன். வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் நிஜ அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, மெல்லிய ப்ளைவுட்டில் ஒட்டி, மேட்டுப் பிளேடால் அறுத்தேன். இந்தப் படகைக் கட்டுவதற்கு முதல் தேவை மரமோ பசையோ இல்லை. துளிகூட வளைவில்லாத ஒரு சமதளம். இரண்டு மட்டைகளும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டாலும் படகு நேராகப் போகாது, ஒரு பக்கம் இழுக்கும். எங்கள் ஃப்ளாட்டில் வளைவில்லாத சமதளம் ஒன்றே ஒன்றுதான். சமையலறை கிரானைட் மேடை!

"ராத்திரி பத்து மணியிலேர்ந்து காலைல அஞ்சு மணி வரைக்கும் மேடை உங்களுது. அஞ்சு அடிச்சா காபி. அப்ப அங்க பசை, பலகை எதுவும் இருக்கக் கூடாது" என்று ஒப்பந்தம் போட்டாள் மனைவி. இருபத்து நான்கு மணிநேரம் காய வேண்டிய பசை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஐந்து நிமிஷத்தில் இறுகுகிற அரால்டைட்டுக்கு மாறினேன்.

அந்த ஐந்து மணிக் காபியில்தான் இன்னொரு பாடம் கிடைத்தது. மட்டைகளின் அடிவிளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று உருட்டி வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தப்பு! விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறும், படகை விடாது. டபராவுக்கு வெளிப்பக்கம் மடித்த விளிம்பு எதற்கு இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? விளிம்பில்லாத சொம்பிலிருந்து காபியை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், சொம்பின் வயிற்றோடு ஒழுகிச் சட்டையில் கொட்டும். டபராவில் அப்படியில்லை, 'சட்'டென்று வெட்டிக்கொண்டு விழும். படகுக்கும் அடிவிளிம்பு கத்தி மாதிரி இருந்தால்தான் தண்ணீர் வெட்டிக்கொண்டு பிரியும். அழகுபடுத்தியதையெல்லாம் மறுபடி பசை வைத்துக் கூராக்கப் பத்து நாள் ஆனது.

ஜூன் மாதம் மாமா வந்தார்.

மாமா எடையளவு முத்திரை இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விருதுநகர்ப் பக்கம் மளிகைக்கடை, நகைக்கடை, பருத்திக் கிடங்கு என்று தராசுகளோடும் படிக்கற்களோடும் முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர். அத்தை தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து கோயமுத்தூரில் மகன் வீட்டில் மூன்று மாதம், இங்கே மகள் வீட்டில் மூன்று மாதம். வந்தால் பேச மாட்டார். பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரன் தராசைத் தூக்கினால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நான் "சாப்டீங்களா மாமா?" என்பேன். "ஆச்சு மாப்ளே" என்பார். ஒரு நாளைக்கு எங்கள் உரையாடல் அவ்வளவே.

அவருக்குக் கொடுத்தது சின்ன ரூம். அதாவது, என் பட்டறை. மோட்டார், கம்பி, பசை டப்பா எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறி ஹாலுக்கு வந்தன. நான் முணுமுணுக்கவில்லை என்று எழுத ஆசைதான். முணுமுணுத்தேன்.

படகு கரணம் அடித்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எரிச்சல் உச்சத்தில் இருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவர் தேடிக் கிடைக்கவில்லை. மனைவியிடம், "மாமாவுக்குக் கோயமுத்தூர் டிக்கெட் எந்தத் தேதிக்கு?" என்றேன். சும்மா கேட்பது மாதிரி கேட்கவில்லை. கேட்ட தொனி எனக்கே தெரியும்.

கஷ்டகாலம், அந்த நிமிஷம் பார்த்து கரண்ட் போயிருந்தது. எங்கள் வீட்டு மின்விசிறிகள் மூன்றும் பழசு. ஓடினால் பக்கத்து அறையில் பேசுவது கேட்காது. நின்றுவிட்டால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். சின்ன ரூமில் கட்டில் 'கிறீச்' என்றது. மனைவி என்னைப் பார்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் மாமாவின் பை கட்டி, கட்டிலுக்கடியில் நிற்கிறது. "தட்கல்ல கிடைச்சா புதன்கிழமையே கிளம்பலாம்னு பார்க்கறேன் மாப்ளே. பேத்தி ஞாபகமா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் 'ம்' என்று தலையாட்டிவிட்டு ஹாலுக்குப் போய்ப் படகை எடுத்துவைத்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாத ஆண்பிள்ளைகள் ஏதாவது ஒரு சாமானைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், கவனித்திருக்கிறீர்களா?

படகின் மூக்கிலும் பின்பலகையின் நடுவிலும் நூல் கட்டி, ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன். வலது, இடது இரண்டும் ஒரே கனமா என்று பார்க்க இதுதான் வழி. கனமான பக்கம் தாழும். இடது பக்கம்தான் தாழ்ந்தது. போன வாரமும் தாழ்ந்தது. அதற்காக வலது பக்கம் ஐம்பது கிராம் ஈயக்குண்டு ஒட்டியிருந்தேன். இன்னும் பத்துக் கிராம் ஒட்டினேன்.

"ஃபேனை நிறுத்துங்க, மாப்ளே!"

திரும்பினேன். சின்ன ரூம் வாசலில் மாமா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. விருதுநகரில் எத்தனை மளிகைக்கடைக்காரர்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்குமோ!

"காத்துக்கடியில வெச்சு யாராச்சும் எடை பார்ப்பாங்களா?"

ஃபேனை நிறுத்தினேன். படகு ஊசலாடி ஊசலாடி அடங்கியது. இப்போது வலது பக்கம் தொப்பென்று தாழ்ந்து நின்றது! இத்தனை நாள் ஃபேன் காற்று மேல்தட்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்க, நான் காற்றுக்கு எதிராக ஈயம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்பத் திருப்பிக் கட்டுங்க. மூக்கு அந்தப் பக்கம், வாலு இந்தப் பக்கம்."

"எதுக்கு மாமா?"

"தராசு சரியான்னு பார்க்கறதுக்குத் தட்டுல இருக்கறதை மாத்திப் போட்டுப் பார்ப்போம். அப்பவும் அதே கை தாழ்ந்தா குத்தம் தராசுல. சரக்குல இல்ல."

திருப்பிக் கட்டினேன். படகின் வலது பக்கமே தாழ்ந்தது. ஆக, இப்போது பொய் சொல்வது கொக்கியோ நூலோ இல்லை, என் ஈயம்தான். அறுபது கிராமையும் பிய்த்தெடுத்தேன். படகு தட்டாமாலை நின்றது போல நேராக நின்றது. மாமா ஈயத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இரும்புப் படிக்கல்லுக்கு அடியில குழி இருக்கும், அதுல ஈயம் அடைச்சிருக்கும், பார்த்திருக்கீங்களா? கல்லு எடை குறைஞ்சா ஈயம் சேர்க்கணும், கூடினா சுரண்டணும். முத்திரை அந்த ஈயத்து மேலதான். ராத்திரியோட ராத்திரியா ஈயத்தைச் சுரண்டி மெழுகு வெச்சவனையெல்லாம் பிடிச்சிருக்கேன்." மூன்று மாதத்துக்கான பேச்சை மூன்று நிமிஷத்தில் பேசினார்.

அடுத்தது முன்பின் கனம். அதுதான் உயிர்நாடி. படகின் மொத்தக் கனமும் கூடுகிற புள்ளி, பின்பலகையிலிருந்து நீளத்தில் சுமார் முப்பது சதவிகிதத்தில் இருந்தால் நல்ல ஆரம்பம் என்பது இந்த மாதிரிப் படகு கட்டுகிறவர்களின் கணக்கு. எழுபது சென்டிமீட்டருக்கு இருபத்தொன்று. நானோ, மூக்கு லேசாக இருந்தால் வேகமாகப் போகும் என்று பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.

மாமா ஒரு இரும்பு ஸ்கேலை இரண்டு தடி புத்தகங்களுக்கு நடுவில் செருகி, குறுக்கே நிறுத்தினார். "தராசுக்கு உயிர் கத்திமுனைல. முனை மழுங்கினா தராசு செத்துது." படகை அதன்மேல் வைத்தேன். "மூடி எங்கே?" என்றார். மேல்மூடி சோபாவில் கிடந்தது. "தட்டைக் கழட்டி வெச்சுட்டுத் தராசு பார்ப்பீங்களா?" மூடியைப் போட்டேன். பேட்டரிப் பட்டையை மாட்டினேன். மாமாவின் கைகள் நடுங்கும். காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பும். அந்தக் கையால் படகை ஸ்கேல்மேல் தள்ளித் தள்ளி வைத்தார். நின்றது. அளந்தால் பதினெட்டரை!

"ரெண்டரை முன்னாடி வரணும். மொத்தம் எவ்வளவு?"

"ரெண்டு கிலோ மாமா."

"பேட்டரி?"

"அரைக் கிலோ."

"நாலுல ஒண்ணு. அப்ப ரெண்டரைக்கு நாலு மடங்கு, பத்து சென்டிமீட்டர் பேட்டரியை முன்னாடி நகர்த்துங்க." கால்குலேட்டரை எடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன். பேட்டரியைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தால், படகு சரியாக இருபத்தொன்றில் நின்றது. நான் வாரக்கணக்கில் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி நூறு கிராம் குறைக்கப் பாடுபட்டவன். குறைத்தும் பிரயோஜனமில்லை. கனம் எவ்வளவு என்பதில் கோளாறில்லை, எங்கே உட்கார்ந்திருந்தது என்பதில்தான்.

மாமா பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் பொடி எழுத்தில் 'சி 23' என்று எழுதினார். மூன்று மூன்று மாதமாக வருஷத்தை ஏ, பி, சி, டி என்று பிரித்து முத்திரை குத்துவார்களாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை 'சி'.

புதன்கிழமை தட்கல் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் ஏரிக்குப் போனோம். காலுக்கடியில் படகு, பின்னால் மாமா. வழியில், "மாமா, அன்னிக்கு கரண்ட் போனப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"முன்னாடி பள்ளம் பார்த்துப் போங்க" என்றார்.

ஏரியில் தெர்மகோல் தெப்பத்தில் வலை போடுகிறவர் ஒருவர் உண்டு. படகு கவிழ்ந்தால் எடுத்துத் தர ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய். (கவிழ்ந்து ஆண்டெனா தண்ணீருக்குள் போய்விட்டால் ரிமோட்டுக்குக் கட்டுப்படாது, நாமே ஓட்டிக் கரைசேர்க்க முடியாது.) அவர் கரையேறி உட்கார்ந்த பிறகுதான் படகை இறக்கினேன். நிமிஷத்துக்கு இருபத்தையாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் விசிறி அது. தண்ணீரில் ஆள் இருக்கும்போது ஓட்டக் கூடாது என்பதில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு.

விசையை அழுத்தினேன். ஒன்பது விநாடி தாண்டியது. பதினைந்து, இருபது... கவிழவில்லை! ஆனால் முழு வேகத்தில் இடது பக்கம் சாய்ந்தே ஓடியது.

"தொங்கவிட்டப்ப சரியா இருந்துதே!" என்று பதறினார் மாமா.

இந்த விஷயம் எனக்குத் தெரியும். என் படகின் விசிறி, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற பக்கம் சுழல்கிறது. அது தண்ணீரை ஒரு பக்கம் முறுக்கினால், தண்ணீர் படகை எதிர்ப்பக்கம் முறுக்கும். அதனால் இடப்பக்கச் சாய்வு. ஹாலில் தொங்கவிட்டால் இது தெரியாது. "வலது பக்கம் கொஞ்சம் ஈயம் வேணும் மாமா" என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு. தெப்பக்காரர் தன் வலையிலிருந்து இரண்டு குண்டு கழற்றிக் கொடுத்தார். இருபது கிராம் இருக்கும். ஒட்டி ஓட்டினால் நேராக ஓடியது. மாமா என் பழைய ஆபீஸ் டைரியில், நடுங்கும் எழுத்தில் குறித்துக்கொண்டார்: "காலியில் சரி. ஓட்டத்தில் 20 கி. வலது."

பிறகு குதியாட்டம். மூக்கு தவளை மாதிரி தத்தித் தத்தி அடித்தது. மோட்டாரின் சாய்வை ஒரு வாஷர் கனத்துக்கு மாற்றினோம். கொஞ்சம் அடங்கியது. பேட்டரியை இன்னும் முன்னால் தள்ளி, புள்ளி இருபத்துமூன்றுக்குப் போனோம். படகு எருமை மாதிரி தண்ணீரை முட்டிக்கொண்டு போனது. வளைவில் மூக்கு குத்திச் சுழன்றது. பின்னால் கொண்டுவந்தோம். இருபத்தொன்றரையில், சுமார் ஏழரை மணிக்கு, அது நடந்தது.

படகின் சத்தம் மாறியது. தண்ணீரை அறைகிற சத்தம் நின்று, துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். முன்பக்கம் இரண்டு விரல் உயரம் காற்றில் நிற்க, பின்னால் மட்டைகளின் நுனி மட்டும் கோடு கிழித்துக்கொண்டு போனது. விஜயவாடாவில் பார்த்தேனே, அதே மாதிரி. ஏரிக்கரை வாக்கிங்காரர்கள் நின்றுவிட்டார்கள். அந்த 'அப்படியா' பெரியவரும் நின்றார். நான் மூச்சு விடவில்லை.

ரிமோட்டை மாமாவிடம் நீட்டினேன். "நீங்க ஒரு சுத்து ஓட்டுங்க."

"நான் இன்ஸ்பெக்டர். கடைல உக்காந்து வியாபாரம் பண்ணக் கூடாது" என்று டைரியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

எட்டு மணிக்குக் காற்று கிளம்பியது. ஏரியில் சுருக்கம் விழுந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று பேராசைப்பட்டேன். எதிர்க்காற்றில் மூக்கு எழும்பி... கரணம்! தெப்பக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அன்றைக்கு அவருக்கு மொத்தம் இருநூறு ரூபாய். மாமா டைரியில் எழுதினார்: "8.05. காற்று. சோதனை செல்லாது."

மாமா கோயமுத்தூருக்குப் போனது செப்டம்பர் கடைசியில். ஏற்கெனவே இருந்த டிக்கெட்டில்தான். சின்ன ரூமை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிகள் ஹாலிலேயே இருக்கின்றன. மனைவி திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"நாளைக்குப் போறீங்களா மாப்ளே?"

"போறேன் மாமா. வலது பக்கம் திரும்பறப்ப வழுக்குது. சின்னதா ஒரு துடுப்புத் தகடு வெச்சிருக்கேன். முப்பது கிராம்."

"அப்ப புள்ளி பின்னாடி போயிருக்குமே, பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன். பேட்டரியை நகர்த்திட்டேன். இருபத்தொண்ணரை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"பார்க்கறப்ப ஃபேன்?"

"நிறுத்திட்டுத்தான் பார்த்தேன் மாமா."